இடையின ரகரம்

துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியதும்
ஒன்பதாம் வகுப்பு மொத்தமும்
ஆட்சியர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.
"தெய்வமே" "தலைவா" "எங்கள் குலசாமியே"
"மஞ்சக்குப்பத்தில் இடுப்பளவு தண்ணீர் சார்"
(மஞ்சக்குப்பத்தில் அப்போது தூறல்கூட இல்லை.)

மறைப்பானேன், நாங்களும் அங்கேதான் இருப்போம்.
ஆசிரியர் வாட்ஸ்அப் குழுவில் இரவு பத்தரைக்கு
ஏழுமலை சார் கேட்பார்: "ஏதாவது வந்துச்சா?"
தலைமையாசிரியை ஒரு கும்பிடு மட்டும் போடுவார்.
காலை வழிபாட்டில்
கைப்பேசியின் தீமைகள் என்று
இருபது நிமிடம் எங்களை வெயிலில் நிறுத்தியவரும் அவர்தான்.

எனக்குச் சொந்தப் பெயரில் கணக்கு கிடையாது.
'கெடிலக்கரைக் கொக்கு' என்று ஒன்று உண்டு.
படம்: கொக்கு. பின்தொடர்வோர்: பதினொருவர்.
தமிழம்மா சிரிக்கக் கூடாத இடங்களில்
அது போய்ச் சிரித்துவிட்டு வரும்.

கார்த்திகை. ஐந்தாம் நாள் மழை.
முதுநகர்த் தெருக்களில் மீன்கூடைகள் மிதந்தன.
விடுமுறை கேட்டு அறுநூறு பேர் கத்திக்கொண்டிருக்க
நடுவில் 'மின்மினி ஏழு' என்று ஒருத்தி:
"ஐயா நாளைக்கு விடுமுரை வேண்டாம்.
வீட்டுல இருக்க முடியல."

கொட்டித் தீர்த்தது கீழே.
"வந்துட்டாங்கடா முதல் பெஞ்சு"
"இவள பரவனாத்துல தூக்கிப் போடுங்க"
முந்நூற்றுப் பன்னிரண்டு மஞ்சள் முகங்கள்
கண்ணீர் வரச் சிரித்தன.
முந்நூற்றுப் பதின்மூன்றாவதாய்க் கொக்கும் சிரித்தது.

விரலை எடுத்த பிறகுதான்
கண் அந்த வரியைப் படித்தது.
விடுமுரை.

வேறு யார் எழுதினாலும் அது பிழை.
அவள் எழுதினால் கையொப்பம்.
பெயர் வேண்டாம். மூன்றாம் வரிசை, சன்னலோரம்,
சோனங்குப்பத்திலிருந்து படகில் வருபவள்.
ஜூன் மாதத்திலிருந்து வட்டம் போடுகிறேன்,
அறையை அரை என்பாள், பறவையைப் பரவை என்பாள்.
பரவை என்றால் கடல் என்று ஒருநாள் சொல்லப்போக
"அப்ப நான் எழுதினது சரிதானே மிஸ்" என்றாள்.
அன்று ஒருநாள்தான் அவள் பல்லைப் பார்த்தேன்.

சிரிப்பைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.
மறுபடி முந்நூற்றுப் பன்னிரண்டு.
ஒன்று குறைந்ததை யாரும் பார்க்கவில்லை.

விடியற்காலை ஐந்து நாற்பதுக்கு அறிவிப்பு:
பள்ளிகளுக்கு மட்டும் விடுமுறை.
ஏழுமலை சார் பட்டாசு வெடித்தார் குழுவில்.
பழக்கதோஷம், நானும் கட்டைவிரல் வைத்தேன்.

பதிவேட்டில் இருந்த எண்ணுக்குப் போட்டேன்.
"யாரு?" என்றது ஓர் ஆண்குரல்.
பள்ளிக்கூடத்திலிருந்து என்றேன்.
"அதான் லீவு வுட்டாச்சில்ல."
பின்னால் ஏதோ பாத்திரம் விழுந்த ஓசை.
பாத்திரமாகத்தான் இருக்கும்.

திங்கட்கிழமை,
மணி அடிக்க ஒரு மணி நேரம் இருக்கையில்
பூட்டிய வாசலில் நின்றிருந்தாள்.
வீட்டில் எல்லாரும் எப்படி என்று கேட்டேன்.
"நல்லாருக்காங்க மிஸ்."
என் செருப்பைப் பார்த்துச் சொன்னாள்.

'மழைநாள்' பற்றி ஒரு பக்கக் கட்டுரை.
"ஆறு நாள் விடுமுரை.
நாங்கள் மகிழ்ச்சியாக இருந்தோம்."
வட்டம் போடாமல் விட்டால் தெரிந்துகொள்வாள்.
போட்டேன், வழக்கமான அளவில்.
இரண்டாவது வரியில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை.
அதைத்தான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடியில் 'என்னை வந்து பார்' என்று எழுதினேன்.
திட்டக் கூப்பிடுவதுபோல் இருந்தது.
பக்கத்தில் சின்னதாய் ஒரு முகம் வரையலாம் என்று
வட்டம் போட்டு, கண் இரண்டும் வைத்துவிட்டேன்.
சிவப்பு மையில்
அதற்கு எந்த வாய் வைப்பது