வினா பதினொன்று

பண்டாரவளையில், மருந்துக் கடைக்கு மேலே
ஒன்பதுக்குப் பன்னிரண்டு அடி அறை எங்கள் நிறுவனம்.
நானும் சுவேந்தினியும், இரண்டு மடிகணினி,
மழை நாளில் இருமும் ஒரு ரவுட்டர்.

காப்புறுதி முகவர் இன்ஷாஃப்
குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு
மூன்று திட்டங்களை மேசையில் பரப்பினார்,
சீட்டுப் போடுகிறவரைப் போல.

முதலாவது மலிவு.
தீ, மின்னல், வெள்ளம், களவு.
"இந்தப் பக்கம் எண்டபடியா மண்சரிவும் சேர்த்துத் தாறம் மிஸ்,
எல்லாரும் இதத்தான் எடுக்கிற."
நான் ஜன்னலைப் பார்த்தேன்.
எதிர் மலையில் போன வருடம் சரிந்த இடம்
இன்னும் சிவப்பாகவே கிடக்கிறது,
புல் கூடப் பிடிக்கவில்லை.

ஆனால் என் தொழிலில் மண் இல்லையே, இன்ஷாஃப்.
மலை இறங்கி வந்து இந்த அறையை மூடினாலும்
நான் கட்டிய தளங்கள் எங்கோ சிங்கப்பூரில்
குளிரூட்டிய அலமாரி ஒன்றில்
ஈரம் படாமல் இருக்கும்.
என்னிடம் சரிவது வேறு.

எல்லயில் ஒரு விருந்தினர் விடுதி. பதினொரு அறை.
அறைக்குப் பதினெட்டாயிரம் என்று போட வேண்டிய இடத்தில்
ஆயிரத்து எண்ணூறு போட்டேன்.
இரவு ஒன்றரை மணி, கண் எரிந்தது,
காரணம் என்று சொன்னால் இவ்வளவுதான்.
விடிவதற்குள்
ஏப்ரல் விடுமுறை முழுவதும் விற்றுப்போயிருந்தது.

முதலாளி குலதுங்க கத்தவில்லை.
கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.
"இதை யார் கட்டுறது, மிஸ்?" என்றார்,
தேத்தண்ணிக்குச் சீனி போதுமா என்று கேட்கிற குரலில்.
ஒன்பது தவணை.
சுவேந்தினி ஸ்கூட்டியை விற்றாள். பஸ்ஸில் வருகிறாள்.
மழைக்கு அதுதான் நல்லது என்கிறாள்.

இன்ஷாஃப் மூன்றாவது தாளை நகர்த்தினார்.
தொழில்சார் பொறுப்பு.
உங்கள் பிழையால் பிறருக்கு நேரும் நட்டம்.
விலை, முதலாவதைப்போல ஐந்து மடங்கு.
அதிலும் முதல் ஐம்பதாயிரம் எங்கள் தலையில்.
நீங்கலாக:
தெரிந்தே செய்த பிழை,
எழுத்தில் இல்லாத ஒப்பந்தம்
(எங்கள் பாதி வேலை தொலைபேசியில் "சரி சரி" என்று ஏற்றது),
போர், கலவரம், உள்நாட்டுக் குழப்பம்.
அந்தக் கடைசி வரியை அவர் விரலால் மட்டும் தாண்டினார்.
இந்தக் கடைத்தெருவில் அதை
யாரும் சத்தமாக வாசிப்பதில்லை.

பிறகு படிவம். பெயர், பதிவிலக்கம், முகவரி.
வினா பதினொன்று:
இதற்கு முன் இவ்வாறான நட்டம் ஏதும் நேர்ந்ததுண்டா?

இன்ஷாஃப் பேனையை மூடி, திறந்து, மூடினார்.
"ஆம் போட்டா கட்டுப்பணம் கூடும்.
இல்லை போட்டா...
நான் ஒண்டும் கேக்கல்ல, மிஸ்."
கீழே யாரோ கடைக்காரரிடம்
மாத்திரையைத் திரும்ப எண்ணச் சொன்னார்கள்.
சுவேந்தினி என்னைப் பார்க்கவில்லை,
ரவுட்டரைப் பார்த்தாள்.

இல்லை என்று எழுதலாம்.
நாளை இன்னொரு பூச்சியம் உதிரும்,
அவர்கள் குலதுங்கவைத் தேடிப் பிடிப்பார்கள்,
ஓட்டைக் குடைக்கு மாதா மாதம்
வாடகை கட்டியிருப்போம்.
அது மட்டுமல்ல.
அந்த ஒன்பது தவணையும் நாங்கள் கட்டியது.
கட்டியதை நடக்காதது என்று எழுத
கை வரவில்லை.

ஆம்.

விபரத்துக்கு மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள்.
அரை வரி போதுமாயிருந்தது:
ஒரு பூச்சியம் விடுபட்டது.

அவர் கணித்துச் சொன்ன தொகையைக் கேட்டு
சுவேந்தினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
"ஸ்கூட்டிக்கு முன்பணம் கட்டலாம்" என்றாள்.
கொஞ்சம் கழித்து, "போடு" என்றாள்.

காப்புறுதித் தொகை இருபது இலட்சம், இலக்கத்தில்.
எழுதினேன்.
பேனை முனையால் எண்ணினேன், வலமிருந்து,
பிறகு இடமிருந்து.
தாளை அவள் பக்கம் திருப்பினேன்.
அவளும் எண்ணினாள்.