பீடிக்கு ஆகாத துண்டு

சர்வே ஆபீஸ் படத்தில் நாங்கள் இல்லை.
பாளையங்கால்வாய் மட்டும் ஓடுகிறது, அந்தப் படத்தில் மட்டும்தான் ஓடுகிறது.
கரையோரம் சாய்கோடு போட்டு
‘புறம்போக்கு’ என்று பொடி எழுத்து.
அறுபத்தேழு வீடும் ஒரு பள்ளிவாசல் குழாயும்
எண்ணெய் வழியும் சுடலைமாடன் பீடமும்
அந்தச் சாய்கோட்டுக்குள் குடியிருக்கின்றன.

சரி, நாமளே வரைவோம் என்றாள் உலகம்மை.
பேப்பரில் இல்லை.
ரேஷன் கடைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில்,
வீட்டுக்கு ஒரு பீடி இலை.
தகரம் வைத்து வெட்டிப் பழகிய கை, பிசகாது.
ஒரு எட்டுக்கு ஒரு விரல் என்று கணக்கு.
ஃபேனை நிறுத்துங்கட்டி என்றாள் மைதீன் பாத்து,
இல்லையென்றால் மேலத்தெரு பறந்து
கீழத்தெருவில் விழும்.
வேர்த்து ஊற்ற ஊற்ற
மண்டியிட்டுத் தெருவை அடுக்கினோம்.

எழுந்து நின்று பார்த்தபோது
யாருக்கும் பேச்சில்லை.
நடுவே தெருவென்று மிஞ்சியது ஒண்ணரை விரல்.
இதிலா இத்தனை நாளும்
கல்யாணமும் சண்டையும் தண்ணீர்க் குடமும்
எதிரும் புதிருமாகப் போய்வந்தன?

‘இங்ஙனதான்’ என்று விரல் வைத்தார் செல்லக்குட்டி.
போன ஐப்பசியில் அவர் தம்பி பாடையைச்
சாய்த்துத்தான் திருப்பினார்கள்.
கயிறு கட்டியிருந்தும்
ஒரு கை நழுவி வந்து சுவரைப் பிடித்தது.

அது என் சுவர். அடுப்படிச் சுவர்.

யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன்,
எனக்கு அது சுலபம்.
‘சும்மா இரிட்டி, அளந்துட்டுப் போயிருவாவ’ என்றார் வீட்டுக்காரர்.
மூன்று நாள் சாக்கு மூடிக் கிடந்தது ஊர்.
மூன்றாம் நாள் பாத்து வந்து
தன் வீட்டு இலையை அரை விரல் மடித்தாள்.
‘எம் பொறவாசல் தொவைக்கல்லு போவும், போட்டும்.
நீ பின்னால தள்ளிக்க. அடுப்ப அங்ஙன வையி.’

கத்தரியை நானே எடுத்தேன்.

விழுந்தது சின்னச் சுருணை.
தூள் வைத்துச் சுருட்ட முடியாது,
ஒரு பீடிக்கு ஆகாத துண்டு.
பத்தொன்பது வருஷம் அதில் நின்றுதான் சமைத்தேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு வந்த இன்ஜினியர்
குனிந்து இலைகளைப் போட்டோ எடுத்தார்.
சாக்கடைக் குழாய் இறக்க ஏழடி வேண்டும் என்றார்.
ஆறரைதான் என்றாள் உலகம்மை.
அரையடிக்கு அரைமணி நேரம் பேசி
ஆறரைக்கே எழுதிக்கொண்டு போனார்.
பட்டா பற்றி வாய் திறக்கவில்லை.
அதை நாங்கள் விடப்போவதுமில்லை.

நேற்று முதல்முறையாக
சிலிண்டர்காரன் வண்டியோடு
என் வாசல் வரைக்கும் வந்தான்.
இரண்டடி தள்ளி நான் நிற்கிறேன்.
அவனோ பழக்கத்தில்
தெருமுனையில் நிற்கிறவன் மாதிரியே கத்துகிறான்,
‘காஸ்! காஸேய்!’