முன்பணம்

அரூர் கோட்டாட்சியர் அலுவலகத்தில்
சி-3 இருக்கை என்னுடையது.
சாதிச் சான்று, பட்டா மேல்முறையீடு,
ஐப்பசி நெருங்கினால் பட்டாசுக் கடை உரிமம்.
எப்போதாவது ஒரு விடுதலை.

போன மாசியில் பதினொன்று அடித்தேன்.
தீர்த்தமலைக்கு அந்தப் பக்கம்
சீமைக் கருவேலம் வெட்டி, மூட்டம் போட்டு,
கரி எடுக்கும் காட்டிலிருந்து
டெம்போவில் கூட்டி வந்திருந்தார்கள்.
பதினொரு பேர், இரண்டு நாய்கள், ஓர் அலுமினிய அண்டா.
விரலை ஸ்டாம்ப் பேடில் வைக்கச் சொன்னபோது
சென்றாயன் கையைத் திருப்பிப் பார்த்தான்:
“இதுக்கு மேல எதுக்கு சார் மையி?”

படிவத்தின் ஆறாவது பத்தி:
மேற்படியாரின் கடன் முழுவதும்
அற்றுப்போனதாகக் கருதப்படும்.
கருதப்படும்.
ஒவ்வொரு முறையும் அந்தச் சொல்லில்தான்
விரல் தடுக்குகிறது.

வெளியே வேம்படியில் பைக்கில் சாய்ந்திருந்தார் ஓனர்.
கோபமே இல்லை.
“ஆளுக்கு நாப்பதாயிரம் முன்பணம்.
சர்க்கார் விடுதல குடுத்துருச்சி, சரி.
எம் பணம் எங்க போயிரும்?”

அன்றிரவு
குரூப் டூவுக்கு மூன்றாம் முறையாகப் புரட்டும் புத்தகத்தில்
பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு பக்கம்.
ஹைட்டி.
கரும்புத் தோட்டத்துச் சங்கிலியைத்
தானே அறுத்துக்கொண்ட தீவு.
அறுத்து இருபத்தொரு வருஷம் கழித்து
கரையில் வந்து நிற்கின்றன பதினான்கு போர்க்கப்பல்கள்.
பீரங்கிகள் ஊரைப் பார்த்திருக்க
ஒரு தாள் நீட்டப்படுகிறது:
உங்களை ஒரு நாடென்று ஒப்புக்கொள்கிறோம்.
பதினைந்து கோடி பிராங்க்.
தோட்டத்துக்கு, ஆலைக்கு,
அப்புறம் உங்களுக்கு.

அவ்வளவு ஏது?
முதல் தவணைக்கே, கேட்டவன் ஊரில்தான் கடன்.
முப்பதில் ஆறைப் பிடித்துக்கொண்டு
கையில் கொடுத்தது இருபத்துநாலு.
(நம் கச்சேரிமேட்டு வட்டிக்காரரும் அப்படித்தான்.)

காப்பிக் கொட்டைக்கு வரி.
மலை மரம் கப்பலுக்கு.
பள்ளிக்கூடம் அப்புறம், சாக்கடை அப்புறம்,
ஆஸ்பத்திரி
அப்புறம்.
கடன்மேல் கடனாகக் கடைசித் தவணை முடிந்தது 1947.
நாம் கோட்டையில் கொடி ஏற்றிய வருஷம்
அவர்களுக்கு ரசீது வந்தது.

மொட்டை மலைமேல் பெய்யும் மழை
மண்ணைக் கூட்டிக்கொண்டு கடலுக்குப் போகிறது.
இன்றும் அங்கே உலை கொதிப்பது கரியில்.
நம் கருவேலம்கூட
அந்தக் கடல் பக்கமிருந்து வந்ததுதான் என்கிறார்கள்.

பஸ் ஸ்டாண்ட் டீக்கடை டிவியில் ஒருநாள் அந்த ஊர் வந்தது.
துப்பாக்கியோடு பையன்கள், மூடிக்கிடக்கும் விமான நிலையம்,
தலையில் பாயைச் சுருட்டி வைத்து ஓடும் பெண்கள்.
மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்:
“இவனுங்களா கெடுத்துக்கிட்டானுங்க.”
எங்கள் அலுவலகத்திலும் சொல்வோம்,
நிவாரணம் முப்பதாயிரத்தையும் குடித்தே தீர்ப்பார்கள் என்று.
நானும் சொல்லியிருக்கிறேன்.

ஆடியில் சாக்கம்மா மட்டும் வந்தாள்.
சென்றாயன் மொரப்பூர் பக்கம் கிணறு வெட்டப் போயிருந்தான்.
நிவாரணத்தில் பாதி ஓனர் கைக்குப் போயிருந்தது.
மாசம் ரெண்டாயிரம்.
இவளே நடந்து போய்க் கொடுக்கிறாள்.
அவர் அடிக்கவில்லை, மிரட்டவில்லை, கேட்கவுமில்லை.
மளிகைக்காரர்தான் அரிசி தீர்ந்துவிட்டது என்கிறார்,
மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டு.
வேலைக்கு டெம்போ இவர்கள் தெருவில் நிற்பதில்லை.
“அவுரு கணக்கு முடிஞ்சிதுன்னு ஒரு வார்த்த சொன்னாத்தான் சார்
ஊரு எங்கள ஆளா மதிக்கும்.”

சட்டம் சொன்னேன். ஆறாவது பத்தியை
விரல் வைத்து வாசித்தேன்.
கேட்டுக்கொண்டாள்.
பிறகு மடியிலிருந்த பையை அவிழ்த்துச்
சான்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.
லேமினேஷன் செய்திருந்தார்கள். உள்ளே
ஓர் எறும்பு அப்படியே ஒட்டிக் கிடந்தது.
கோபுர முத்திரையைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு
குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

“இத அடகு வச்சா
எவ்ளோ குடுப்பாங்க?”

அவளுக்குப் பின்னால் ஒருவர்
பட்டாசுக் கடை உரிமத்தோடு
கனைத்துக்கொண்டு நின்றார்.