எடைமேடையில் ஐம்பது

காலை ஆறு நாற்பதுக்கு
முதலில் வாழ்த்தியது சேமநிதி வாரியம்:
ஐம்பது நிறைந்துவிட்டது,
கொஞ்சம் பணம் எடுத்துக்கொள்ளலாமாம்.
அடுத்தது அரசாங்கக் கிளினிக்.
சர்க்கரை, கொழுப்பு, கண், மார்பு
எல்லாவற்றையும் ஒருமுறை காட்டிவிட்டுப் போகச் சொன்னது.
மூன்றாவதாகத்தான் இவர்.
இவரும் வாழ்த்தவில்லை.
"கேஸ் தோங் முடிஞ்சிருச்சு, சொல்லிரு" என்றார்.

பார்க்கப்போனால்
போன வாரமே முடிந்திருக்க வேண்டும் இந்த விழா.
நான் பிறந்தபோது மழை, பாலம் உடைந்து பஸ் இல்லை.
பதினொரு நாள் கழித்துத்தான் அப்பா பதியப் போனார்.
கிராணி அன்றைய தேதியையே எழுதிவிட்டார்.
ஆக, ஐசியில் இருக்கிறவள்
என்னைவிடப் பதினொரு நாள் இளையவள்.
படமும் அவளுடையதுதான் போலிருக்கிறது.

பகாவ் டவுனிலிருந்து பதினான்கு கிலோமீட்டர்,
செம்பனை ஆலையில் எடைமேடை எனக்கு.
இருபத்தாறு வருஷமாக லோரிகளை நிறுக்கிறேன்.
குலையோடு வந்தால் மொத்த எடை,
கொட்டிவிட்டுத் திரும்பினால் வெற்றெடை,
கழித்தால் நிகரம்.
இதற்குமேல் தத்துவம் தெரியாது,
இதுவரை தேவைப்பட்டதும் இல்லை.

லொம்போக் பையன் யூனுஸ்
நேற்றுவரை என்னைக் "காக்" என்பான்.
இன்று சீட்டை வாங்கிக்கொண்டு
"தெரிமா காசே, மாச்சிக்" என்றான்.
அக்காவிலிருந்து ஆன்ட்டிக்கு ஒரே ராத்திரியில்!
யார் சொன்னது இவனுக்கு?
வாரியமா?
அவன் லோரியைச் சுற்றி வந்து
பழுத்தது போதாது என்று
இரண்டு குலையைத் தள்ளிவைக்கச் சொன்னேன்.

மதியம், லோரி வராத இடைவெளியில்
செருப்போடு மேடை ஏறினேன்.
அறுபது டன் தாங்கும் மேடை.
இருபது இருபதாகத்தான் எண்ணத் தெரியும் அதற்கு.
சிவப்புப் பலகை அறுபது கிலோ என்றது.
நிம்மதியாக மூச்சு விட்டேன்,
எண்பது என்றது.
வயிற்றை உள்ளிழுத்தேன், அறுபது.
கொஞ்ச நேரம் பேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

மொத்தம் சரி,
வெற்றெடைக்கு நான் எதைக் கொட்டிவிட்டு வருவது?
முழங்கால் வலியையா,
நாத்தனார் கல்யாண மண்டபத்தில் சொன்ன
அந்த ஒரு வார்த்தையையா,
இடுப்பு சிறுத்ததும் கட்டலாமென்று
தொண்ணூற்றெட்டில் எடுத்துவைத்த
மயில்கழுத்துச் சேலையையா?
சேலையைக் கொட்ட மாட்டேன்.

பின்னால் ஹாரன்.
யூனுஸ்தான்.
"மாச்சிக், தூருன்!"
இறங்கினேன். நிகரம் தெரியாமலே.

சாயங்காலம் லிங்கேஷ் பாண்டான் கேக் வாங்கி வந்தான்.
'புஷ்பலீ' வரை மேலே இருந்தது,
'லா' பக்கவாட்டில் வழிந்துகொண்டிருந்தது.
மெழுகுவர்த்தியில் ஐந்து கிடைத்ததாம்,
சைபர் முடிந்துவிட்டதாம்.
டவுனில் பாதிப் பேருக்கு இந்த வருஷம் ஐம்பதாம்.
"ஒன்பது இருந்துச்சும்மா,
வாங்கியிருந்தா நீ அடிச்சிருப்பே."

இவர் ஒன்றும் பேசாமல் அடுப்படிக்குப் போனார்.
கேஸ் இல்லாததால் கடையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து
ஓர் உளுந்து வடையை எடுத்து வந்து
ஐந்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.
சாய்ந்தது.
பல்குச்சி குத்தி நிறுத்தினார்.
எட்டி நின்று பார்த்து, "இப்ப சரி" என்றார்.
இருபத்தேழு வருஷத்தில்
இவர் என்னிடம் பேசிய ஆக நீண்ட காதல் வசனம்
அதுதான்.

ஊதினேன். ஐந்து அணைந்தது.
வடை அணையாது, அதனால் தின்றுவிட்டேன்,
ஓரத்தில் ஒட்டிய பச்சைக் கிரீமோடு.
உப்பும் இனிப்பும் ஒரு மாதிரி இருந்தது,
மோசமில்லை.

கேக்கில் இப்போது ஐந்துதான் மிச்சம்.
"தோங்குக்குச் சொன்னியா?" என்றார்.
மறந்தே போய்விட்டது.
ஐந்து வயதுப் பிள்ளையிடம்
கேஸ் தோங் பொறுப்பை
யார் கொடுக்கச் சொன்னது?