இரண்டு வார இரவல்

எண்ணெய் மண்டிக்காரன் வீட்டில்
எண்ணெய் வேண்டாத பெட்டியா
என்று கேட்டார் பூபதி.
நான் சிரிக்கவில்லை.
மூன்று நாள் கழித்து அதையே மறுபடி கேட்டார்,
அப்போதும் சிரிக்கவில்லை.

அவருடைய ரத்தப் பரிசோதனைத் தாள்
ஃபிரிட்ஜ் கதவில்,
ஏற்காட்டில் வாங்கிய காந்தத்தின் அடியில்.
முந்நூற்றுப் பன்னிரண்டு என்ற எண்ணை
டாக்டர் வட்டமிட்டிருந்தார்
வடை அளவுக்கு.

எனக்கு வேறு கணக்கு.
பரண்மேல் சப்பாத்தி மேக்கர், ஜூஸர்,
தயிர் கடையும் மோட்டார்.
தள்ளுபடியில் வந்ததெல்லாம்
தள்ளுபடி ஆகிப்போன இடம் அது.
சமையல் மேடையில் மிச்சம் ஒன்றரை அடி,
அதில்தான் காய் நறுக்க வேண்டும்.

ஜெயசித்ராவிடம் ஒன்று இருந்தது,
ஃபேர்லேண்ட்ஸ் வீட்டில்.
உள்ளே சின்ன வெங்காயம் போட்டு வைத்திருந்தாள்.
"காத்தோட்டமா இருக்கும்னு" என்றாள், கூசாமல்.
வெங்காயத்தைக் கொட்டிவிட்டுக் கொடு,
இரண்டு வாரம், என்றேன்.
டவுன் பஸ்ஸில் மடியில் வைத்து வந்தேன்.
லீ பஜாரில் இறங்காதே,
அடுத்த ஸ்டாப்பில் இறங்கு என்று
போனில் கெஞ்சினார் பூபதி.
பக்கத்து மண்டிக்காரர் கண்ணில் பட்டால்
பொங்கல் வரைக்கும் பேச்சு ஓடுமாம்.

முதல் நாள் பஜ்ஜி.
மாவு துளை வழியே ஒழுகி
அடித்தட்டில் தனியாக ஓர் ஊத்தப்பம் ஆனது.
மேலே வாழைக்காய், வெட்ட வெளிச்சமாக.
மறுநாள் ஜவ்வரிசி வடகம்.
சேலத்தில் இருந்துகொண்டு
அதைப் போட்டுப் பார்க்காமல் விட முடியுமா?
ஒன்றும் பொரியவில்லை.
காற்றில் எழும்பி ஒன்றையொன்று துரத்திக்
கம்பிச் சுருளில் ஒட்டிக் கருகின.
அதே நேரம் கிரைண்டரையும் போட்டேன்,
வீடு இருண்டது.
மாடியிலிருந்து அங்கயற்கண்ணி எட்டிப் பார்த்தாள்:
"உங்க வீட்ல மட்டுமா?"

துடைத்து,
திருப்பிக் கொடுக்க வாசலில் வைத்தும் விட்டேன்.

ஐந்தாம் நாள், கோபம் ஆறி,
சேப்பங்கிழங்கு.
முக்கால் வேக்காடு. ஈரம் போக உலரவிட்டு,
மிளகாய்த்தூள், ஒரு பிடி அரிசிமாவு,
எங்கள் கடைக் கடலையெண்ணெய் ஒரு ஸ்பூன்.
கூடையில் பாதிதான் போட்டேன்.
கிழங்குக்கும் கிழங்குக்கும் நடுவே
காற்று நடக்க வழி வேண்டும்;
ஆடித் திருவிழாக் கூட்டமாக அடைத்தால்
வேர்க்கும், மொறுக்காது.

மாடிக்குப் போய்த் துணி எடுத்தேன்.
சேர்வராயன் மலைமேல் மழை இறங்கிக்கொண்டிருந்தது,
ஊருக்குள் இன்னும் வரவில்லை.
என் இடது மணிக்கட்டில் கடுகளவு தழும்புகள் ஏழு.
எது எந்தத் தீபாவளி, எந்த அதிரசம் என்று
எனக்கு மட்டும் தெரியும்.
இப்போது அடுப்படியில் யாரும் நிற்கவில்லை.
எட்டாம் நிமிடம் இறங்கி வந்து
கூடையை இழுத்துக் குலுக்கிவிட்டு
மறுபடி மேலே போனேன்,
வேலை எதுவும் இல்லை, சும்மா.

முதல் துண்டைக் கண்மூடிக் கடித்தார் பூபதி,
சத்தத்தைக் கேட்க.
"எண்ணெய் எவ்ளோ?"
ஒரு ஸ்பூன்.
"அப்ப எண்ணெய் வேணும்."
வேணும்.
கோர்ட்டில் கேஸ் ஜெயித்தவர் மாதிரி
இரண்டாம் துண்டை எடுத்தார்.

வாங்கிவிட்டோம், சின்னதாக ஒன்று.
பரண்மேல் இருந்த மூன்றும்
பழைய இரும்புக்காரரோடு போயின.
வாங்கியதற்கு அதுதான் நிபந்தனை, என்னுடையது.
வடகத்துக்கு வாணலிதான்,
மாதம் ஒரு தடவை,
கரண்டி அவர் கையில்.
நேற்று ஒரு சொட்டு தெறித்து
அம்மா என்றார்.
தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன்.
என் மணிக்கட்டை நான் காட்டவில்லை,
அவராகவே பார்த்தார்.

ஜெயசித்ராவின் பெட்டியைக்
கழுவித் திருப்பிக் கொடுத்தாயிற்று.
செய்முறையும் எழுதிக் கொடுத்தேன்.
இப்போது அதில்
பூண்டு வைத்திருக்கிறாளாம்.