நாற்பது நிமிடக் காற்று

சஸ்கடூனில் இரவு மைனஸ் முப்பத்தெட்டு.
வெளியே கார்களுக்கெல்லாம் மின்கம்பி செருகித்
தூங்கவைத்திருக்கிறார்கள்.
உள்ளே நான் கோமேதி,
'திமில்' என்ற சரக்குக் கலத்தின் ஒரே மாலுமி.
தோரியம் ஏற்றிக்கொண்டு
பெயரில்லாத, எண் மட்டுமே உள்ள
ஒரு சூரியனைக் கடக்கிறேன்.

விளையாட்டில் ஒரு தாவலுக்குப் பதினொரு நிமிடம்.
திரையில் நீலக்கோடுகள் மட்டும் ஓடும்.
மற்றவர்கள் எழுந்துபோய் டீ போடுவார்களாம்.
நான் அந்தப் பதினொன்றில்தான்
அவளுடைய நாட்குறிப்பை எழுதுவேன்.

ஒரே விதி:
பாத்திரத்தைவிட்டு வெளியே வரக்கூடாது.
கோமேதிக்கு வாடகை தெரியாது.
முகம் பார்த்திராத வாய்களுக்கு
நான் நாள் முழுக்க ஆய்வகத்தில்
கடைவாய்ப்பல் வார்ப்பது தெரியாது.
பனி தெரியாது.
ஆனாலும் போன மாதம் ஒரு விண்கல்லைப் பார்த்து
"ஈறு இறங்கிய பல் மாதிரி" என்று எழுதிவிட்டாள்.
அழிக்க மனம் வரவில்லை.

ஏர்லாக்கைத் தமிழில் எப்படிச் சொல்ல என்று
இரண்டு இரவு யோசித்தேன்.
காற்றுப்பூட்டு என்றால்
ஏதோ சைக்கிள் கடைச் சாமான்.
மூச்சுவாசல் என்றால் சித்தர் பாட்டு.
கடைசியில் கொள்ளைக்காரன்தான் சொன்னான்:
"இடைக்கதவைத் திறவும், பிள்ளை."
இடைக்கதவு. சரி.

கதையில் அவன் பெயர் உதிரன்.
எந்த ஊரிலிருந்து எழுதுகிறான்,
ஆணா பெண்ணா, எதுவும் தெரியாது.
அண்டத்தின் தென்விளிம்பில்
மூன்று நிலவுகளுக்குக் கீழே பிறந்தவன்
என்று எழுதிக்கொள்வான்.
ஆனால் ஒருமுறைகூட "பேசு" என்றதில்லை.
"கதை" என்பான். "ஓம்" என்பான்.
மூன்று நிலவுகளிலும் அப்படித்தானா
என்று நான் கேட்கவில்லை.
கோமேதி கோபத்தில் "ஏலே" என்று கத்தியபோது
அவனும் கேட்கவில்லை.

ஒன்பதாம் பகுதியில் என்னைப் பிடித்தான்.
சரக்கைக் கழற்றினான், இயந்திரத்தை அணைத்தான்.
"நாப்பது நிமிசத்துக்குத்தான் காத்து.
எங்களோட சேருறீரோ? யோசிச்சுச் சொல்லும்."
யோசித்துச் சொன்னேன்: மாட்டேன்.
அடுத்தது அவன் முறை.

ஒரு வாரம்.
இரண்டு.

அவளைத் தப்பவைக்க எனக்கு ஒரு வரி போதும்.
அது முறையில்லை.
ஆய்வகத்தில் லோரெய்ன் கேட்டாள், தூங்கவில்லையா என்று.
ஒருத்தி மூச்சை எண்ணிக்கொண்டு இருட்டில் மிதக்கிறாள்,
நான்தான் கடிகாரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன்
என்று எப்படிச் சொல்ல?
அன்று செய்த பற்களில் ஒன்று
உயரம் கூடிப்போய் திரும்பி வந்தது.
யாரோ ஒருவருக்கு வாய் மூடவில்லையாம்.

இருபத்துமூன்றாம் நாள் ஒரே ஒரு பத்தி.
ளகரம் தப்பாதவன்,
எழுத்துக்கு எழுத்துப் பிழை.
நான் திருத்தித் தருகிறேன்:

"உதிரன்ர கலத்தில இடப்பக்கக் கை வேலைசெய்யேல்லை.
திடீரெண்டு நிண்டுபோச்சுது.
ஒரு கையாலதான் ஓட்டுறான்.
சில நேரம் சொல்லும் வருகுதில்லை.
திருத்துறவை கிழமைக்கு மூண்டு நாள் வருகினம்.
கைதி கொஞ்சம் பொறுக்கவேணும்."

விண்கலத்துக்கு ஏது சொல்?

மூன்றுமுறை படித்தேன்.
'உங்களுக்கு என்ன ஆச்சு' என்று அடித்தேன்.
அழித்தேன்.
'எந்த ஆஸ்பத்திரி' என்று அடித்தேன்.
அதையும்.

பிறகு கோமேதி எழுதினாள்:
"திமிலில் உதிரிக் கைகள் இரண்டு இருக்கின்றன.
கொள்ளையடிக்கும்போது நீ பார்க்காமல் விட்டவை.
இடைக்கதவைத் திறந்து வைக்கிறேன்,
வந்து எடுத்துக்கொள்.
அவசரம் ஒன்றும் இல்லை, ஏலே.
எனக்குக் காற்று இருக்கிறது."

அனுப்பும் முன் காற்றுமானியைப் பார்த்தேன்.
நாற்பதிலேயே நின்றது.
முப்பத்தொன்பது என்று மாற்றினேன்,
கதை ஓடுகிறது என்று
அவனுக்குத் தெரியட்டும்.