மூன்றாம் சாக்ஸபோனுக்கான தாள்கள்

சுங்கக் கிடங்கைக் காலிசெய்த அன்று
ஏலத்தில் வந்த தகரப் பெட்டி.
குரூஸ் மாஸ்டர் அதை எடுத்ததே
பித்தளைப் பூட்டுக்காகத்தான்.
உள்ளே பதினேழு கட்டுத் தாள்கள்,
லியோன் நகரத்து ஜாஸ் குழு ஒன்றினுடையவை.
காரைக்காலுக்கு எப்படி வந்தன என்றால்
கப்பலைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் பேண்டில் அப்போது பதினோரு பேர்.
கல்யாணம், தேர்பவனி, இரண்டு கட்சிக்கும் ஊர்வலம்,
கோட்டுச்சேரி மிராசுதார் ஒருவரின் நாய்க்கு
ஒருமுறை இறுதி யாத்திரை.

ஆளுக்கொரு கட்டாகப் பிரித்துக்கொண்டோம்.
முதல் டிரம்பெட் ஒலியுல்லாவுக்கு.
இரண்டாம் டிராம்போன் தேவசகாயத்துக்கு.
எனக்கு மூன்றாம் சாக்ஸபோன்.
ஆளில்லாத ஆறு கட்டும் பெட்டியிலேயே கிடந்தன,
அதனால் பாட்டில் ஆங்காங்கே ஓட்டை.
அதை அடைக்கத் திருநள்ளாற்றிலிருந்து
ஒரு தவில்காரரைக் கூட்டிவந்தோம்.
அவர் அடைத்தது போக
இன்னும் நாலு ஓட்டை போட்டார்.

தாள்களின் ஓரமெல்லாம் பென்சில் எழுத்து.
பிரெஞ்சு பென்ஷன்காரர்களுக்குப் படிவம் நிரப்பித் தரும்
தையல்நாயகி வந்து வாசித்துச் சொன்னாள்:

இந்த இடத்தில் மூச்சு விடாதே.
குளிர். விரல் மடங்கவில்லை.
டிரம்ஸ்காரன் குடித்திருக்கிறான், அவன் வேகத்தை நம்பாதே.
மூன்றாவது மேசைக்காரி என்னைப் பார்க்கிறாள்.
அதே தாளில், கீழே: என்னை இல்லை.
சம்பளம் பாதி, மீதிக்கு உருளைக்கிழங்கு.

தேவசகாயம் இருமி இருமிச் சிரித்தார்.
எங்களுக்கு நிரவியில் ஒருவர்
மீதிக்குக் குறுவை நெல் அளந்திருக்கிறார்,
அதுவும் ஈர நெல்.

அந்தக் குழுவின் வரலாறு
எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவே.
முப்பத்தாறில் ஒன்பது பேர்,
முப்பத்தொன்பதில் பதினேழு.
பிறகு அமெரிக்கத் தலைப்புகளின் மேல் கோடு,
ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு,
மேலே பிரெஞ்சில் வேறு பெயர்.
பாட்டு அதேதான்.

என் கட்டில், ஒவ்வொரு தாளின் தலையிலும்
ஒரு பெயர் இருந்த இடம் மட்டும் இருந்தது.
ரப்பர் இல்லை, பிளேடு.
காகிதம் அங்கே வெங்காயச் சருகு.
தையல்நாயகி அதை ஜன்னலில் பிடித்துப் பார்த்தாள்.
முதலெழுத்து எல் போல, இல்லை,
ஈ-யாகவும் இருக்கலாம் என்றாள்.
நாற்பத்திரண்டு ஆகஸ்ட்டுக்கு அப்புறம்
கையெழுத்தும் வேறு.
சாய்ந்த, அவசரமான கை.
ஓரத்தில் ஒன்றும் கிறுக்காத ஆள்.
ஒரே ஒரு இடத்தில் மட்டும்:
இங்கே அவன் எப்படி வாசிப்பான்?
எனக்கு வரவில்லை.

அந்த இடத்தில் சுரமே கிடையாது.
எட்டுக் கட்டம், வெறும் சாய்கோடுகள்,
மேலே யாரோ எழுதிய இரண்டு சொல்:
உன் இஷ்டம்.

குரூஸ் மாஸ்டர் தாளில் என் பெயரை எழுதச் சொன்னார்,
தொலைந்துபோனால் தேட வசதியாம்.
எழுதினேன்.
சுரண்டிய இடத்தை விட்டு,
அதற்கு ஒரு விரற்கடை தள்ளி.

அந்த ஐப்பசியில் திருமலைராயன்பட்டினத்தில் ஒரு வரவேற்பு.
சாம்பார் வாளிகள் ஓடிக்கொண்டிருந்தன.
மைக்கில் மொய் வாசித்துக்கொண்டிருந்தவர்
நூற்றியொன்று என்று சொல்லும்போது கரண்டு போனது.
ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.
மழை பந்தல் தகரத்தில்
அவரவர் பாட்டுக்குத் தாளம் போட்டது.
ஒலியுல்லா நிறுத்தவில்லை. அதனால் நாங்களும்.
எட்டுக் கட்டம் வந்தது.
எல்லோரும் என் பக்கம் திரும்பியதை
இருட்டிலும் உணர்ந்தேன்.

என்ன வாசித்தேன் என்று இப்போது சொல்லத் தெரியாது.
ஆறாம் கட்டத்தில் மூச்சு தீர்ந்தது.
மீதி இரண்டைத் தவில்காரர்
கேட்காமலே எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து, ஈரத் தாளை விசிறியடியில் விரித்து,
அந்தச் சாய்ந்த கையெழுத்துக்குக் கீழே
பென்சிலால் எழுதினேன்:
பட்டினம். மழை. கரண்டு இல்லை.
எனக்கும் வரவில்லை.
ஞாயிற்றுக்கிழமை வரிச்சிக்குடியில் ஒரு கல்யாணம் இருக்கிறது.